சங்கீத அறைக்கு அடுத்த வகுப்பு

நமது ஆசிரிய கலாசாலையின் விசேட கல்விப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், இந்தப் பிரிவு எப்படித் தொடங்கியது என்று எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். பெரிய மனிதர்கள் கூடி, நீண்ட யோசனைக்குப் பிறகு ஆரம்பித்த காரியம் என்று நீங்கள் எண்ணியிருக்கக்கூடும். பெரிய மனிதர்கள் கூடியது உண்மை. யோசித்தார்களா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஒரு வகுப்பு வைப்பதாகத் தீர்மானமானதும், அதற்கு அவர்கள் ஒதுக்கிய அறை சங்கீத அறைக்கு அடுத்த அறை.

"அதுகளுக்குத்தானே சத்தம் ஒரு இடைஞ்சலும் இல்லை" என்றார் அதிபர்.

அந்த வகுப்பில் காது கேட்கும் ஆசிரியர்களும் இருப்பார்கள் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஆசிரியர்களில் ஒருவன் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கண்டி நகரத்துக்கு வெளியே கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து மேட்டில் இருந்த அந்தக் கட்டடத்தில், ஆசிரிய மாணவர்கள் ஸ்வரம் தப்பிப் பாடியதை எல்லாம் தினமும் முழுமையாகக் கேட்டவர்களில் நான் ஒருவன். என் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்.

என்னை ஏன் அந்த வகுப்புக்குத் தெரிந்தெடுத்தார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் தகுதியைச் சொல்கிறேன். கலாசாலையிலேயே எனக்குத்தான் குரல் பெரிது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில், வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் வயலின் மறுகரையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். அதிபர் என்னைக் கூப்பிட்டு, "மாஸ்டர், காது கேக்காத பிள்ளைகளுக்கு உம்மைப் போல ஆள்தான் வேணும்" என்றார். எனக்கும் அது மிகவும் நியாயமாகப்பட்டது. குறைந்த சம்பளத்தில் இப்படி ஒரு பெருமை கிடைக்கிறதே என்று மீசையை முறுக்கிக்கொண்டேன்.

அந்த மீசையைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும். இருபக்கமும் காதை நோக்கிக் கிளம்பி, நுனியில் மேலே வளையும் மீசை. அதற்கு எண்ணெய் பூசுவேன். மழைக்காலத்தில் குடை பிடித்தால், முதலில் அது நனையாதபடி பார்த்துப் பிடிப்பேன். எனக்குப் பெண் பார்த்தபோது, மாப்பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்று பெண் வீட்டார் கேட்டதற்கு, தரகர் முதலில் சொன்னது மீசையைத்தான் என்று என் மனைவி பின்னாளில் சொல்லியிருக்கிறாள்.

முதல் நாள் வகுப்புக்குப் போனேன். எட்டுப் பிள்ளைகள். தேயிலைத் தோட்டங்களில் இருந்து வந்தவர்கள் சிலர், நகரத்துப் பிள்ளைகள் சிலர், மடவளையில் இருந்து ஹமீது என்று ஒரு பையன். எல்லாரும் என்னைப் பார்த்தபடி இருந்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை இழுத்து, "பிள்ளைகளே!" என்று ஒரு சத்தம் போட்டேன். கூரையில் இருந்த காகங்கள் கிளம்பிப் போயின. பக்கத்து அறையில் பாட்டு நின்றது. எதிர்க் கட்டடத்தில் கற்பித்துக்கொண்டிருந்த விரிவுரையாளர் பேச்சை மறந்து ஜன்னலால் எட்டிப் பார்த்தார். பிள்ளைகளிடம் மட்டும் ஓர் அசைவும் இல்லை.

இன்னும் பலமாகக் கத்தினேன். இந்தத் தடவை முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி சிரித்தாள். பக்கத்துப் பிள்ளையை முழங்கையால் இடித்து, என் முகத்தைக் காட்டினாள். பிறகு எட்டுப் பேரும் சிரித்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். குரல் எட்டிவிட்டது என்று நினைத்து, அன்று மதியம் வரை கத்தினேன். மதியம் குரல் அடைத்துப்போய், கையால் சைகை காட்டித்தான் சாப்பாட்டு அறையில் சோறு கேட்டேன்.

பின்னேரம்தான் வேலை ஏற்று வகுப்புக்குள் வந்தார் மிஸ். அவருடைய பெயரை எழுத எனக்கு அனுமதி இல்லை. எழுத வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார். கண்டி நகரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், என்னைவிடச் சில வயது இளையவர். தென்பகுதியில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்து பயிற்சி பெற்று வந்தவர். இந்த வகுப்பை நடத்த வந்தவரும் அவர்தான், நான் அவருக்கு உதவி. ஒரு பெண்ணுக்கு, அதுவும் இளையவருக்கு, உதவியாளாக நிற்பதா என்று நண்பர்கள் என்னைச் சீண்டினார்கள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மீசை என்னிடம் இருந்ததே.

மிஸ் கதவடியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"மாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. பிள்ளைங்க ஏன் சிரிக்கிறாங்க தெரியுமா?"

"நான் சொல்லுறது விளங்குது மிஸ்" என்றேன், கரகரத்த குரலில்.

"இல்ல மாஸ்டர். ஒங்க மீசை ஆடுது. அதப் பாத்துத்தான் சிரிக்கிறாங்க. இவங்க ஒதட்டப் பாத்துத்தான் பேச்சப் படிக்கணும். ஒங்க மூஞ்சில ஒதடு எங்க இருக்குன்னு எனக்கே தெரியல."

அன்றைய முறை அது. உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும், தொண்டையையும் மூக்கையும் தொட்டுப் பார்த்துச் சத்தத்தைப் பழக வேண்டும். கையால் பேசக்கூடாது என்று கடுமையான கட்டளை வேறு இருந்தது. இன்று நீங்கள் கைப்பேச்சை மதிக்கிறீர்கள், அதுதான் சரி. அன்றும் பிள்ளைகள் மேசைக்குக் கீழே கையால்தான் பேசிக்கொண்டார்கள். மிஸ் அதைக் கண்டும் காணாமல் இருந்தார்.

மீசையை எடுக்கவேண்டும் என்று அவர் சொன்னபோது, நான் மீசை நுனியை முறுக்கிக்கொண்டு வெளியே பார்த்தேன். அவர் வற்புறுத்தவில்லை. ஜன்னலுக்கு வெளியே போய் நின்று, கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினார். மேலுதட்டைக் கையால் மூடிக்கொண்டு, சத்தம் வராமல் என்னவோ பேசினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ முக்கியமான விஷயம் என்பது மட்டும் கண்ணில் தெரிந்தது. கோபம் வந்தது. என்னவென்று சொன்னால்தானே! பிறகு கையை எடுத்துவிட்டு அதையே மறுபடி பேசினார். இரண்டாம் தடவையில் ஒரு சொல் பிடிபட்டது. "மீசை."

கதவைத் திறந்து கேட்டேன். "மிஸ், முழுக்க என்ன சொன்னீங்கள்?"

"ஒங்க மீசை பின்னாடி வளரும் மாஸ்டர், இந்தப் பிள்ளைங்களுக்கு இந்த வயசு பின்னாடி வராது. அவ்வளவுதான்."

அடுத்த நாள் காலையில் நகரத்துக்கு இறங்கி, பாபர் சலூனில் கதிரையில் ஏறி இருந்தேன். கத்தியை எடுத்தவர் என்னை இரண்டு தடவை கேட்டார், "முழுசாவா?" என்று. முடிந்ததும் கண்ணாடியைப் பார்த்தேன். எனக்கு மேலுதடு இருப்பதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். அது மிகவும் வெளிறிப்போய், கூச்சப்பட்டுக்கொண்டு இருந்தது.

அதன்பிறகு நடந்ததற்கு நான் எந்த ஆயத்தமும் செய்திருக்கவில்லை. எங்கள் சைவக் குடும்பங்களில் ஆண்பிள்ளை மீசையை எடுப்பது எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். பெற்றவரில் ஒருவர் இறந்தால் எடுப்பது. நான் சலூனை விட்டு இறங்கி, வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் மடவளை ஊரவர், எங்கள் ஹமீதின் பெரியப்பா; அண்ணன் முறை வைத்து அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவேன். என்னைக் கண்டதும் தராசைக் கீழே வைத்தார்.

"மாஸ்டர்! என்ன இது? ஊருல யாரு மவுத்து? வாப்பாவா, உம்மாவா?"

"ரெண்டு பேரும் சுகமா இருக்கினம் நானா."

"அப்ப ஏன் மீசைய எடுத்தீங்க?"

"காது கேளாத பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறதுக்கு."

பக்கத்தில் நின்ற வாடிக்கையாளரிடம் மெதுவாக, "பாவம், கவலையில என்னமோ பேசுறாரு" என்றார். நான் எவ்வளவு மறுத்தும் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தைக் கையில் திணித்து, "மனச தளர விடாதீங்க மாஸ்டர், எல்லாரும் போற எடந்தான்" என்று அனுப்பினார்.

கலாசாலைக்கு வந்தால், ஆசிரிய மாணவர்கள் வாசலில் வரிசையாகத் தலைகுனிந்து நின்றார்கள். சங்கீத ஆசிரியர் பாட்டை நிறுத்தி வைத்திருந்தார். அதுவரை அந்த அறையில் நான் கண்ட மிக நீண்ட அமைதி அதுதான் என்பதால், அவரிடம் உண்மையைச் சொல்வதை மதியம்வரை ஒத்திவைத்தேன். அதிபர் என் தோளைத் தொட்டு, ஊருக்குப் போய்வர லீவு எடுக்கச் சொன்னார். "ஐயா, நீங்கள் சொன்ன வகுப்புக்காகத்தான் எடுத்தனான்" என்றேன். "துக்கத்திலயும் கடமையை நினைக்கிறீர்" என்று கண் கலங்கினார்.

இதெல்லாம் ஒரு கிழமையில் அடங்கியிருக்கும். ஆனால் எங்கள் ஊரவர் ஒருவர் கண்டி ரயில் நிலையத்தில் கிளார்க்காக இருந்தார். நல்ல மனிதர், எதையும் தாமதிக்கமாட்டார். மாஸ்டர் மீசையை எடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், போனவர் அப்பாதான் என்று தானே முடிவுகட்டி, எங்கள் வீட்டு விலாசத்துக்கு அனுதாபத் தந்தி அடித்துவிட்டார். குடும்பத் தலைவரின் மறைவு கேட்டு ஆழ்ந்த துயரம் என்று. அந்தக் காலத்தில் தந்தி ஆங்கிலத்தில்தான் வரும். குடும்பத் தலைவர் அதைக் கையெழுத்திட்டு வாங்கி, வாசிக்கத் தெரியாமல் தபால் கந்தோருக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். தபால் மாஸ்டர் வாசித்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று தடுமாறி, கடைசியில், "ஐயா, நீங்கள் செத்துப்போனீங்களாம்" என்றிருக்கிறார்.

மூன்றாம் நாள் காலை, நான் பிள்ளைகளோடு இருந்தபோது வாசலில் ஒரு குரல். என் குரல் எங்கிருந்து வந்தது என்று யாருக்காவது ஐயம் இருந்திருந்தால் அன்று தீர்ந்திருக்கும்.

"நான் உயிரோட இருக்க எனக்குச் செத்தவீடு செய்தவன் எங்க?"

அப்பா. கையில் குடை, தோளில் சால்வை, ரயிலில் இரவெல்லாம் நித்திரை இல்லாத சிவந்த கண்கள், வெள்ளை வெளேரென்ற மீசை. இறந்தவரே நேரில் வந்ததைக் கண்டு அதிபர் தூணைப் பிடித்துக்கொண்டார். அப்பா நேரே வகுப்புக்குள் வந்து, என் முகத்தைப் பார்த்து, குடையை ஓங்கினார்.

"அப்பா, பொறுங்கோ. பிள்ளையளுக்கு முன்னால வேண்டாம்."

"எடே, எந்தப் பிள்ளையள்? அதுகளுக்குத்தான் காது கேக்காதாமே!"

"கண் தெரியும் அப்பா."

குடை அந்தரத்தில் நின்றது. முன்வரிசையில் இருந்த சிறுமி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் என்னைப் பார்த்துச் சிரித்தவள் இவள்தான். பெயர் பாக்கியம். பல்லேகலப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து வந்தவள். அவள் என்னைப் பார்த்து, யார் இது என்று கண்ணால் கேட்டாள்.

நான் அவளுக்கு நேராகக் குனிந்து, புதிதாக வெளிப்பட்ட என் உதட்டால் தெளிவாகச் சொன்னேன்: "அப்பா. என்ர அப்பா."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அந்த வெள்ளை மீசையைப் பார்த்தாள். பிறகு வாங்குப் பலகையில் இருந்து சரிந்து விழுகிற அளவுக்குச் சிரித்தாள்.

"ஏன் சிரிக்குது?" என்றார் அப்பா. குடை இறங்கியிருந்தது.

மிஸ்தான் விளக்கினார். "ஐயா, அப்பாங்கிறதும் அம்மாங்கிறதும் ஒதட்டுல ஒரே மாதிரித்தான் தெரியும். மாஸ்டர் ஒங்களக் காட்டி அம்மான்னு சொன்னாருன்னு நினைச்சிருச்சு."

அப்பா நம்பவில்லை. பாடத்துக்கு நாங்கள் வைத்திருந்த கண்ணாடியை எடுத்து, முகத்துக்கு முன்னால் பிடித்து, மீசையை மறுகையால் ஒதுக்கி, "அப்பா" என்றார். "அம்மா" என்றார். "அப்பா. அம்மா. அப்பா. அம்மா." எட்டுப் பிள்ளைகளும் அவரைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

"ஓமடா" என்றார் என்னைப் பார்த்து, குரல் இறங்கி. "ஒண்டாத்தான் கிடக்கு. பிறகு இதுகள் எப்பிடி வித்தியாசம் கண்டுபிடிக்கும்?"

"மூக்க தொட்டுப் பாத்து" என்றார் மிஸ். "மா-ன்னா மூக்கு அதிரும். பா-ன்னா அதிராது."

கோபத்தோடு ரயில் ஏறி வந்த மனிதர், அன்று மாலை வரை அந்த அறையில் ஒரு சின்னக் கதிரையில் குந்தியிருந்து, ஒவ்வொரு பிள்ளையாக வந்து மூக்கில் விரல் வைக்க, அம்மா, அப்பா, மாமா, பாம்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாக்கியம் மூக்கின்மேல் விரலை வைத்துக்கொண்டு, மிகுந்த கவனத்தோடு, "அப்-பா" என்றாள். அவள் வாயில் இருந்து வெளியே வந்த முதல் தெளிவான சொல் அது. மிஸ் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அப்பா மூக்கை உறிஞ்சினார். அது பாடத்தில் சேராத அதிர்வு என்பதால் ஹமீது குழம்பிப்போனான்.

புறப்படும்போது அப்பா என்னிடம், "மீசை இல்லாமல் நீ உன்ர அம்மாவைப் போல இருக்கிறாய்" என்று மட்டும் சொன்னார். ஊருக்குப் போய், தான் ஏன் இறந்தார் என்பதை வீடு வீடாக விளக்கினாராம். அந்த வருடம் எங்கள் ஊரில் இருந்து காது கேளாத ஒரு பெண்பிள்ளையை அவரே கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தார்.

தம்பி தங்கைமாரே, வேலையில் சேர்ந்த புதிதில் உங்களைப் பற்றி ஊர் தப்பாக நினைக்கும். விளக்கிக்கொண்டு திரிவதில் பயன் இல்லை என்பது என் அனுபவம். கேட்பவரை வகுப்புக்குள் அழைத்து ஒரு சின்னக் கதிரையில் இருத்துங்கள். மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

இனி, உண்மையான ஆபத்து வந்த நாளைச் சொல்கிறேன்.

அடுத்த வருடம், வகுப்பு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, பாடசாலைகளைப் பரிசோதிக்கும் வித்தியாதரிசி வருகிறார் என்று அறிவித்தல் வந்தது. இந்த வகுப்பு வீண் செலவு, இந்தப் பிள்ளைகள் எதையும் படிக்கப்போவதில்லை என்று மேலிடத்தில் ஒரு பேச்சு இருந்தது. அவர் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் வகுப்பு மூடப்படும். மூடினால் பாக்கியம் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பிப் போவாள். அங்கே அவளோடு முகம் பார்த்துப் பேச ஒருவரும் இல்லை. அவள் அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது அவளை வீட்டுத் தூணில் கட்டிவைத்துவிட்டுப் போனதை மிஸ் கண்ணால் பார்த்திருக்கிறார். கல் நெஞ்சத்தால் அல்ல. கூப்பிட்டால் கேட்காத பிள்ளை ஓடையில் விழுந்துவிடுமே என்ற பயத்தால். அதனால் அந்தக் கிழமை நானும் மிஸ்ஸும் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் வந்தார். வாசலில் அவரைக் கண்டதும் மிஸ் என் பக்கம் சாய்ந்து, "மாஸ்டர், தொலைஞ்சோம்" என்றார்.

அப்படி ஒரு மீசையை நான் பார்த்ததில்லை. என்னுடையது மேல்நோக்கிய மீசை, அது குறைந்தபட்சம் உதட்டின் விளிம்பையாவது விட்டுவைத்திருந்தது. அவருடையது கீழ்நோக்கிய மீசை. ஓலைக் கூரையின் இறவாரம் போல, மேலுதட்டைத் தாண்டி, கீழுதட்டையும் தாண்டி, நாடிப் பக்கம் இறங்கியிருந்தது. தேநீர் கொடுத்தோம். அது எவ்வழியாக உள்ளே போனதென்று கடைசிவரை தெரியவில்லை.

பிள்ளைகள் அவரைப் பார்த்ததும், என்ன நடந்தது தெரியுமா? ஹமீது இரண்டு கைகளையும் சேர்த்து, தரையில் எதையோ கூட்டுவதுபோல் வீசிக் காட்டினான். மற்றப் பிள்ளைகளும் உடனே அதையே செய்தார்கள். விளக்குமாறு. அவருக்கு அந்தக் கணமே பெயர் வைத்துவிட்டார்கள்.

"இது என்ன கைச் சைகை?" என்றார் வித்தியாதரிசி.

அதிபர் என்னைப் பார்த்தார். மிஸ் என்னைப் பார்த்தார். என் வாயில் வந்தது இதுதான்: "வணக்கம் சொல்லுகினம், ஐயா."

அவருக்குத் திருப்தி. நிமிர்ந்து நின்று, மிகுந்த மரியாதையோடு, இரண்டு கைகளையும் சேர்த்து, பிள்ளைகளை நோக்கித் தானும் கூட்டிக் காட்டினார். பிள்ளைகளின் முகத்தில் இருந்த ஆனந்தத்தை எந்த எழுத்தாலும் எழுத முடியாது. நான் உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன்.

சிரிப்பு அதோடு நின்றது. அவர் எங்கள் இருவரையும் பின்சுவரோரம் நிற்கச் சொன்னார். "நீங்கள் ஒண்டும் சொல்லிக் குடுக்கக்கூடாது. நான் கேக்கிறன், அதுகள் சொல்லட்டும்." பிறகு பாக்கியத்தின் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, அந்தக் கூரைக்குக் கீழிருந்து ஏதோ கேட்டார்.

எனக்குக் காதில் கேட்டது. மேசைக்கு எத்தனை கால் என்று கேட்டார். பாக்கியம் கண்ணை இமைக்காமல் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மீசை அசைந்தது மட்டுமே. அவர் மறுபடி கேட்டார். மீசை மறுபடி அசைந்தது. ஹமீதிடம் கேட்டார். அதே நிலை. மூன்றாவது பிள்ளை, பாவம், எதையாவது சொன்னால் நல்லது என்று நினைத்து "பாம்பு" என்றது.

வித்தியாதரிசி பெருமூச்சு விட்டார். மீசை எழுந்து தாழ்ந்தது. "இதுகளுக்கு ஒண்டும் விளங்கேல்லையே" என்றார் அதிபரிடம். அதிபர், "நானும் அப்பவே சொன்னனான் ஐயா" என்றார். அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

நான் என்ன செய்திருக்கவேண்டும்? ஐயா, உங்கள் மீசையால்தான் என்று சொல்லலாம். ஒரு பெரிய உத்தியோகத்தரின் முகத்தைப் பற்றி, தோற்றுவிட்டது என்று அவரே முடிவுகட்டிய வகுப்பின் உதவி ஆசிரியர் சொன்னால் அது சாக்குப்போக்காகத்தான் படும். மிஸ் என் கையில் கிள்ளினார். சொல்லு என்றா, சொல்லாதே என்றா என்று தெரியவில்லை.

அப்போதுதான் பாக்கியம் எழுந்தாள்.

அவள் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது பிள்ளைக்கு முன்னால் இருந்த அவருடைய கதிரைக்கு, வாங்குகளைச் சுற்றி என் பக்கமாகப் போனாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்பது எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் வகுப்பில் முகத்தைத் தொடுவது ஒரு நாளும் புதுமை அல்ல. மூக்கைத் தொடுவார்கள், தொண்டையைத் தொடுவார்கள், கன்னத்தைத் தொடுவார்கள். அவளுக்கு இது பாடம். அவள் என்னைக் கடந்து போகையில் சட்டையின் நாடா என் விரல் எட்டும் தூரத்தில் இருந்தது. பிடித்து இழுக்கக் கையை நீட்டினேன்.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

முப்பது வருட வேலையில் நான் செய்த நல்ல காரியம் எது என்று யாராவது கேட்டால், அந்தக் கையை மடக்கியதைத்தான் சொல்வேன். செய்ததை எல்லாம் விட, செய்யாமல் நின்ற அந்த ஒன்று.

பாக்கியம் வித்தியாதரிசியின் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு சின்ன விரல்களால், ஜன்னல் திரையை ஒதுக்குவதுபோல் அவருடைய மீசையை மெதுவாகத் தூக்கினாள். உள்ளே ஒரு வாய் இருந்தது. அது திறந்தபடி இருந்தது. அவள் அதைக் குனிந்து பார்த்து, தலையை ஆட்டினாள். இனி சொல்லலாம் என்று அர்த்தம்.

பக்கத்து அறையில் அந்த நேரம் பார்த்துப் பாட்டு நின்றது. அதிபர் பக்கத்தில் இருந்த அலுமாரியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். இறந்தவர் வந்தபோது தூணைப் பிடித்தவர் அவர், எப்போதும் எதையாவது பிடித்துக்கொள்வார்.

பின்சுவரில் இருந்து மிஸ் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, கேள்விய இன்னொருக்கா கேளுங்க."

அவர் எங்களைப் பார்க்கவில்லை. பாக்கியத்தையே பார்த்தார். மீசை தூக்கப்பட்ட நிலையிலேயே கேட்டார்: "மேசைக்கு எத்தினை கால்?"

"நாலு" என்றாள் பாக்கியம்.

"ஆட்டுக்கு?"

"நாலு."

"உனக்கு?"

அவள் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, "ரெண்டு" என்றாள். எண்களைச் சொல்லும்போது அவள் குரல் மேலும் கீழுமாகப் போகும், அதை அவளால் கேட்கமுடியாது. ஆனால் சொல் சொல்தான்.

பிறகு நடந்தது கொஞ்சம் கட்டுமீறியது. ஹமீது ஓடிவந்து மீசையின் மறுபக்கத்தைத் தூக்கினான், தனக்கும் ஒரு கேள்வி வேண்டும் என்று. மற்றவர்களும் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவரும் வந்து, மீசையைத் தூக்கி, கேள்வியைப் பார்த்து, பதில் சொல்லிவிட்டு, மறக்காமல் மீசையைத் தடவிச் சரிசெய்துவிட்டுப் போனார்கள். அந்த ஒழுங்கை நாங்கள் கற்றுக் கொடுக்கவில்லை. "பாம்பு" சொன்ன பிள்ளையிடம் அவர் வேண்டுமென்றே, "கால் இல்லாத பிராணி எது?" என்று கேட்டார். அது பெருமையோடு "பாம்பு" என்றது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். மீசை முழுவதும் தெறித்தது.

வகுப்பு மூடப்படவில்லை. அது மட்டுமல்ல, அடுத்த வருடம் ஆசிரிய மாணவர் எல்லாரும் இந்த அறையில் ஒரு தவணைக் காலம் வேலை பழகவேண்டும் என்று உத்தரவு வந்தது. இன்று நீங்கள் பணிபுரியும் பிரிவின் தொடக்கம் அதுதான். அவர் அறிக்கையில் என்ன எழுதினார் என்பது எனக்குத் தெரியாது, நான் அதைப் பார்த்ததில்லை. அன்று அந்த அறையில் கடைசியாக நடந்ததை மட்டும் பார்த்தேன்.

எல்லாப் பிள்ளைகளும் முடிந்து, அவர் எழும்ப ஆயத்தமானபோது, பாக்கியம் மறுபடி வந்து நின்றாள். அவருடைய நெஞ்சில் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்து, "உங்க... பேரு... என்ன?" என்றாள். வெளியாள் ஒருவரிடம் அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி. அவ்வளவு காலமும் எல்லாரும் அவளைத்தான் கேட்டிருந்தார்கள்.

அவர் பெயரைச் சொன்னார். அதை நான் இங்கே எழுதவில்லை, ஆனால் அதில் ககரம் நிறைய. ககரம் தொண்டைக்குள் பிறப்பது, உதட்டில் தெரியவே தெரியாது. எங்கள் பிள்ளைகளுக்கு அதைவிடக் கடினமான பெயர் இருக்கமுடியாது. அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் மறுபடி சொன்னார். அவள் உதட்டைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், இல்லை. அவர் அவளுடைய கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்தார். அது எப்படி அவருக்குத் தோன்றியது என்று எனக்குத் தெரியாது. மறுகையால் தன் மீசையைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அவள் சொன்னாள். பாதி சரி. அவர் மறுபடி சொன்னார்.

அதிபர் கதவடியில் இருந்து, "ஐயா, மதியச் சாப்பாடு ஆறுது" என்றார்.

வித்தியாதரிசி திரும்பவில்லை. மீசையைப் பிடித்த கையை இறக்கவும் இல்லை.

"பொறுங்கோ" என்றார். "பிள்ளை இன்னும் என்னவோ கேக்கப்போகுது."